ஒரு விசில், இரண்டு விசில்

1986 செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். குடைக்கம்பி ஒடிந்துவிட்டது. ஸ்டேஷன் ரோட்டில் குடை ரிப்பேர் செய்கிறவர் வியாழக்கிழமைதான் வருவாராம்.

நேற்று சாயங்காலம் நடந்ததை எழுதிவைக்க வேண்டும். ஆபீஸ் நோட்டில் எழுதுவது வேறு, இது வேறு.

விழுப்புரத்தில் 5.15க்குப் புறப்படும் எங்கள் கம்பெனியின் திண்டிவனம் பஸ். கூட்டேரிப்பட்டில் ஒரு பெண் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. கூடையோடு ரோட்டில் விழுந்திருக்கிறார். பெயர் அஞ்சலை. வயது நாற்பது இருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. பின்சக்கரம் ஒரு முழம் தள்ளி நின்றதாம். கேஸ் வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். வைத்தியச் செலவு கம்பெனியுடையது.

டிரைவர் ராஜவேலு. கண்டக்டர் தரணேந்திரன். இருவரிடமும் எழுதி வாங்கினேன்.

ராஜவேலு: "இரண்டு விசில் கேட்டது. வண்டியை எடுத்தேன்."

தரணேந்திரன்: "ஒரே விசில்தான் கொடுத்தேன்."

ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் போ. நடுவில் ஒன்றும் கிடையாது.

முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"பாலு, ரெண்டுல ஒருத்தன் பொய் சொல்றான். எவன்னு எழுதிக் குடு. அவனை அனுப்பிடலாம். மாசக் கடைசி வரைக்கும் டைம்."

"விசாரிக்கிறேங்க."

"விசாரிக்கிறது இல்ல, முடிச்சுக் குடு. ஆறு வண்டி வெச்சிக்கினு தெனம் பஞ்சாயத்து பண்றது பேஜாருப்பா."

கம்பெனிக்குச் செக்கர் நான் ஒருவன்தான். டிக்கெட் பரிசோதனை, டியூட்டி போடுவது, புகார், சமாதானம், எல்லாம் என் தலையில்.

பல்வலி வேறு. கிராம்பு வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 10, புதன்

புழுக்கம். டியூட்டி போட்டு முடிக்கவே பதினொரு மணி.

பஸ் செட்டுக்கு எதிரே டீக்கடையில் இரண்டு பெஞ்சு. வழக்கமாக எல்லோரும் கலந்து உட்காருவார்கள். இன்று ஒரு பெஞ்சில் டிரைவர்கள், மற்றதில் கண்டக்டர்கள். நான் நின்றுகொண்டே டீ குடித்தேன். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

காதில் விழுந்தவை:

"பத்தொம்போது வருஷமா ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தாத ஆளு. அவரா பொய் சொல்வாரு?"

"விசிலை வாயில வெச்சிக்கினு இருந்தவனுக்குத் தெரியாதா எத்தினி வாட்டி ஊதினான்னு?"

"ராஜவேலு அண்ணனை அனுப்பட்டும். ஒரு வண்டி செட்டை விட்டு வெளிய வராது."

"தரணியைத் தொட்டா நாங்க மட்டும் டிக்கெட் கிழிச்சிக்கினு இருப்பமா?"

இரண்டு பேரையும் பிரித்து வேறு வேறு வண்டியில் போடலாம் என்று பார்த்தேன். எந்த டிரைவரும் தரணியோடு போகத் தயாரில்லை. எந்தக் கண்டக்டரும் ராஜவேலு வண்டியில் ஏற மாட்டேன் என்கிறான். கடைசியில் ஒருவரை ஒருவர் வேண்டாம் என்று சொல்லாதவர்கள் கம்பெனியிலேயே அந்த இரண்டு பேர்தான். அதே ஜோடி, அதே வண்டி. வேறு வழியில்லை.

ஆனால் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. ஜூன் மாதத்திலிருந்தே. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

குடை ரிப்பேர் ஆயிற்று. மழையைத்தான் காணோம்.

5.15 வண்டியில் டிக்கெட் பரிசோதனை என்று ஏறினேன். உண்மையில் இருவரையும் பார்க்கத்தான்.

முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி. விசில், கதவு, விசில். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. சில்லறை வேண்டுமானால்கூடத் தரணி பயணிகளிடம்தான் கேட்கிறான். முன்பு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ராஜவேலு ஒரு டப்பாவில் சில்லறை சேர்த்து வைத்திருப்பான், தரணிக்காக.

இந்த வண்டியைப் பழைய நாளில் தூரத்தில் வரும்போதே கண்டுபிடித்துவிடலாம். பின்னாலிருந்து தரணியின் குரல் வரும். "அண்ணே, ஒரு நிமிஷம், புள்ளைத்தாச்சி வர்றாங்க!" முன்னாலிருந்து ராஜவேலு: "வரட்டும், வரட்டும், நாம இன்னா ஏரோப்ளேனா?" ஜனங்கள் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். தரணி செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டான், தண்ணீர் மட்டும். இந்த வண்டி திண்டிவனம் சேரும்போது இருட்டிவிடும். அதனால் முன்பெல்லாம் ராஜவேலு வழியில் ஓட்டிப் பிடித்துக் கூட்டேரிப்பட்டில் ஐந்து நிமிடம் நிறுத்துவான். டீ குடிக்க என்று பெயர். அதற்குள் தரணி பின் சீட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிடுவான். இன்று வண்டி நிற்கவில்லை. ஆள் இறங்கியதும் விசில், புறப்பட்டுவிட்டது. தரணி ஜன்னல் வழியாக மேற்கே ஒரு தரம் பார்த்தான். அப்புறம் டப்பாவைப் பைக்குள் தள்ளிவிட்டான்.

"தினமும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"பழகிடுச்சு சார். காத்தால சேத்து சாப்ட்டுக்கலாம்."

ஜூனிலிருந்து. மூன்று மாதம். நான் வாரத்துக்கு இரண்டு நாள் இந்த வண்டியில் ஏறி இறங்குகிறவன்.

செப்டம்பர் 12, வெள்ளி

கூட்டேரிப்பட்டு. அஞ்சலை வீடு மயிலம் ரோட்டில் உள்ளே தள்ளி. ஆரஞ்சுப்பழம் வாங்கிப் போனேன். ஒற்றைக் கையால் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பல்லால் கடித்து, கையால் பிதுக்கி. பார்க்கவே சங்கடம்.

"எத்தனை விசில் கேட்டதும்மா?"

"நான் கூடையைப் பாப்பனா, விசிலை எண்ணுவனா? நீங்க ஒண்ணு சார்."

"யார் பேரில் தப்பு என்று நினைக்கிறீர்கள்?"

கையிலிருந்த மல்லாட்டையைக் கூடையில் போட்டார். அப்புறம் கடகடவென்று சொன்னார்.

"ஏழு வருஷமா அந்த வண்டிலதான் போறேன் வர்றேன். முன்னெல்லாம் நான் எழுந்துக்கும்போதே அந்தக் கண்டக்டர் தம்பி குரல் குடுக்கும். 'அண்ணே, அக்கா கூடையோட இறங்குது, இருங்க'ன்னும். டிரைவர் தலையை வெளிய நீட்டி, 'இறங்கிட்டியாம்மா'ன்னு கேட்டுட்டுதான் எடுப்பாரு. இப்ப பீப்பீ மட்டும்தான். அவங்க ரெண்டு பேருக்கும் இன்னா சண்டையோ எனக்குத் தெரியாது. கை ஒடிஞ்சது எனக்கு."

எழுந்தபோது வாசல்வரை வந்தார். "ரெண்டு பேரும் வந்து பாத்தாங்க சார். காலைல டிரைவரு, மத்தியானம் தம்பி. தனித்தனியா. சேர்ந்து வந்திருந்தா நான் டீ போட்டுக் குடுத்திருப்பேன். தனித்தனியா வந்தவங்களுக்கு இன்னா குடுக்கிறது?"

ஆபீஸ் நோட்டில் "சாட்சிக்கு விசில் எண்ணிக்கை தெரியவில்லை" என்று எழுதினேன். அவர் சொன்ன மற்றதை எங்கே எழுதுவது?

செப்டம்பர் 14, ஞாயிறு

விடுமுறை. ரேஷன் சர்க்கரை வரவில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றது வீண்.

சாயங்காலம் நாலு மணிக்கு விக்கிரவாண்டி, ராஜவேலு வீட்டுக்கு. அவனும் நானும் ஒரே வருஷம் கிளீனராகச் சேர்ந்தவர்கள். அவன் ஸ்டியரிங்குக்குப் போனான், நான் டிக்கெட்டுக்கு. அவன் தங்கை கல்யாணத்துக்கு நான் பந்தியில் பரிமாறினேன். அவனை இந்தக் கம்பெனியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நான் ஒருவன்தான்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தோம். சுற்றி வளைக்காமல் கேட்டேன், தரணியோடு என்ன தகராறு என்று.

"தகராறு ஒண்ணுமில்ல. பேசப் பிடிக்கல."

"ஏன் பிடிக்கவில்லை?"

"விடு பாலு."

"வேலு, வேலை போகிற விஷயம். உனக்கோ அவனுக்கோ."

வாளியைக் கவிழ்த்துவைத்தான். முகம் சிவந்துவிட்டது.

"என் தம்பி மாதிரி வெச்சிருந்தேன் அவனை. முதலாளிகிட்ட எனக்குக் கண்ணு தெரியலன்னு எழுதிக் குடுத்துக்கிறான். மெட்ராஸ் லைன்லேர்ந்து என்னை எடுத்தாங்களே ஜூன்ல, அது எப்படி? முதலாளி மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. 'உன் கண்டக்டரே சொல்றான்யா, பேப்பர் இருக்குது'ன்னாரு. ஒரு வாரம் மெட்ராஸ், ஒரு வாரம் லோக்கல்னு பத்தொம்போது வருஷம் ஓட்டினவனுக்கு இப்ப வெறும் லோக்கல் வண்டி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல அவன்? முதுகுக்குப் பின்னால எழுதிக் குடுத்தவன் கூட எனக்கு இன்னா பேச்சு?"

"அவனிடம் கேட்டாயா?"

"எதுக்குக் கேக்கணும்? பேப்பர் இருக்குதாமில்ல."

அவன் மனைவி கேப்பைக் கூழ் கொண்டுவந்தார். குடித்தேன். என்ன ருசி என்று தெரியவில்லை.

அந்தப் பேப்பர் எது என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 15, திங்கள்

ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை, ஜூன் மாதக் கோப்பு. இருந்தது. என் கையெழுத்து. நீல மை.

"கண்டக்டர் தரணேந்திரன் கூறியதன் பேரில், டிரைவர் ராஜவேலுவுக்கு மாலை வேளைகளில் பார்வை மங்குவதாகத் தெரிய வருகிறது. தக்க நடவடிக்கை கோருகிறேன்."

இரண்டு வரி. கீழே என் கையெழுத்து, தேதி.

நடந்தது இது. இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன்.

மே மாதக் கடைசியில் மெட்ராஸ் வண்டியில் நான் முன் சீட்டில். செங்கல்பட்டு தாண்டி, பொழுது சாய்கிற நேரம். எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. ராஜவேலு இரண்டு தரம் கண்ணைக் கசக்கினான். வண்டி பாலத்துக் கைப்பிடிச் சுவரை உரசுகிற மாதிரி போயிற்று. நாற்பத்தெட்டுப் பேர் உள்ளே. நான் பார்த்தேன். இறங்கும்போது, "தூக்கம் சரியில்லையா வேலு?" என்றேன். "ம்" என்றான். அத்தோடு விட்டுவிட்டேன்.

அதற்குப் பத்து நாள் கழித்துத் தரணி என்னிடம் வந்தான். "சார், அண்ணனுக்குச் சாயங்காலமானா கண்ணு கூசுதாம். நான் சொன்னா டாக்டர்கிட்ட போக மாட்டேன்றாரு. நீங்க சொன்னா கேப்பாரு. ஒரு கண்ணாடி வாங்கிக்கச் சொல்லுங்க." அவ்வளவுதான் அவன் கேட்டது. நண்பனிடம் நண்பனுக்காக.

நான் ராஜவேலுவிடம் சொல்லவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வான். முதலாளியிடம் சொல்லாவிட்டால் நாளைக்கு ஏதாவது ஆனால் என் கழுத்துக்கு வரும். அதனால் எழுதினேன். "நான் பார்த்தேன்" என்று எழுதக் கை வரவில்லை. தரணி பெயர் கைக்கு வந்தது.

எழுதியது தப்பில்லை. அவனை மெட்ராஸ் லைனிலிருந்து எடுத்ததும் தப்பில்லை. நாற்பத்தெட்டுப் பேர். தப்பு அந்த முதல் நாலு வார்த்தையில்.

பல் மறுபடியும். டாக்டரைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளை புரட்டாசி பிறக்கிறது. மீன் கடையில் கூட்டம். சங்கரா வாங்கினேன்.

மத்தியானம் தரணியைத் தனியே கூப்பிட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டேன்.

"உனக்கும் ராஜவேலுவுக்கும் என்ன?"

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். ஜூன்ல ஒரு நாள் காத்தால 'வணக்கம்ணே'ன்னேன். மூஞ்சைத் திருப்பிக்கினாரு. மூணு வாட்டி கேட்டேன், 'இன்னாண்ணே, நான் இன்னா தப்பு பண்ணேன்'னு. நாலாவது வாட்டி எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. நான் இன்னா அவர் வூட்டு வேலைக்காரனா?"

"ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருப்பான்."

"இருக்கும் சார். யாரோ இன்னாவோ மூட்டி விட்டிருக்கணும். அவன் மட்டும் கையில கிடைச்சான்னா..."

அவன் கண்ணைப் பார்த்தேன். பிறகு டிக்கெட் புத்தகக் கணக்கு ஏதோ கேட்டு அனுப்பிவிட்டேன்.

இன்று சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

இன்றும் சொல்லவில்லை.

இருவருக்கும் பொதுவாக ஒரு சமாதானக் கடிதம் எழுதிப் பார்த்தேன். "இரு தரப்பிலும் கவனக்குறைவு." நல்ல வாக்கியம். யாருக்கும் வலிக்காது. இரண்டு பேருக்கும் ஒரு வாரம் சஸ்பெண்ட், முடிந்தது. முதலாளியும் ஒத்துக்கொள்வார். பெஞ்சு இரண்டும் மறுபடி கலந்துவிடும். அந்த வண்டி மட்டும் பீப்பீ என்று ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த மணிக்கட்டுவரை.

கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மழை! ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. செட்டில் முழங்கால் தண்ணீர்.

வீட்டில் மனைவி சரோஜாவுக்குக் காலாண்டுப் பரீட்சை பேப்பர் திருத்துகிற வேலை. நாலாம் வகுப்பு டீச்சர். சாப்பிடும்போது அவளிடம் பாதி சொன்னேன். ஆபீஸில் இரண்டு பேருக்குச் சண்டை, யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை என்று.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "என் கிளாஸ்ல ரெண்டு பசங்க அடிச்சிக்கினா நான் அவங்களைக் கேக்க மாட்டேங்க. பக்கத்துல ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துக்கினு இருக்கான் பாருங்க, அவனைத்தான் கேப்பேன். பாதி நாள் அவன்தான் பென்சிலை எடுத்திருப்பான்."

சோறு இறங்கவில்லை. "பல்வலி" என்றேன். "டாக்டரைப் பாருங்க, எத்தினி நாளா சொல்றேன்" என்றாள்.

அப்புறம் முழுவதையும் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடிவைத்தாள்.

"ராஜவேலு அண்ணன் உங்களை விட்டுட்டார்னா?"

"விட்டால் விடட்டும்."

சொல்வது சுலபம். இருபத்தேழு வருஷப் பழக்கம்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. கோவில் கூட்டம். எல்லா வண்டியும் நிரம்பி வழிந்தது.

நடந்தது. நடந்த வரிசைப்படி எழுதுகிறேன்.

அவர்கள் வண்டி மத்தியானம் 1.40க்கு வந்தது. அடுத்த நடை மூன்று மணிக்கு. இருவரையும் டயர் ரூமுக்கு வரச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். ராஜவேலு ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தான். தரணி சுவரோரம் நின்றான். இருவருக்கும் நடுவில் ஆறடி. நான் உட்காரவில்லை.

கோப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து ராஜவேலுவிடம் நீட்டினேன். "நீ சொன்ன பேப்பர் இதுதான். படி."

வாங்கினான். கிட்டே வைத்தான், தூர வைத்தான். ஜன்னல் பக்கம் திருப்பினான். கழுத்து நரம்பு புடைத்தது. அவனால் முடியவில்லை. நான் இதை யோசிக்கவே இல்லை. கை நீட்டி வாங்கப் போனேன். அதற்குள் தரணி வந்து அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். படிக்க ஆரம்பித்தான்.

"கண்டக்டர் தரணேந்திரன் கூறியதன் பேரில்..."

நின்றுவிட்டான். மறுபடி முதலிலிருந்து படித்தான், கடைசிவரை. கையெழுத்தையும் படித்தான். என் பெயர்.

"சார், நான் சொன்னது கண்ணாடி வாங்கிக்கச் சொல்லுங்கன்னு."

"ஆமாம்."

"அண்ணன்கிட்ட சொல்லுங்கன்னு."

"ஆமாம்."

"அப்புறம் எதுக்கு சார் என் பேரைப் போட்டீங்க?"

சொன்னேன். செங்கல்பட்டு, லாரி, பாலம், எல்லாம். ராஜவேலு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப நீயே பாத்துக்கிறே."

"பார்த்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல பாலு?"

"பயமாயிருந்தது."

"எதுக்குப் பயம்? அடிச்சிடுவேன்னா?"

"பேசாமல் போய்விடுவாய் என்று."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பில்லை. "இவன் கூட மூணு மாசமா பேசலடா நானு. இவன் பண்ணாததுக்கு." அதற்குப் பிறகு என்னை அவன் பார்க்கவில்லை. தரணி பக்கம் திரும்பினான். உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"தரணி, அன்னிக்கு... ஒண்ணா ரெண்டான்னு சத்தியமா எனக்கே தெரியலடா. சைடு கண்ணாடியில கூடை தெரியல. ஒரே மசமசன்னு இருந்துச்சு. இறங்கி முடிச்சிருக்கும்னு நினைச்சிக்கினேன். ரெண்டு விசில்னு எழுதிட்டேன். எழுதினப்புறம் எனக்கே அப்படிதான்னு தோணிடுச்சு."

தரணி காகிதத்தை நாலாக மடித்தான்.

"நான் ஒரு வாட்டிதான் ஊதினேன். வண்டி நகர்ந்தப்பவே பாத்துட்டேன். அண்ணே இருங்கன்னு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. உங்களை அண்ணேன்னு கூப்பிடணுமேன்னு முழுங்கிட்டேன். ஒரு செகண்டுதான். அதுக்குள்ள அக்கா விழுந்துட்டாங்க." காகிதத்தை இன்னொரு தரம் மடித்தான். "அதை நான் எழுதிக் குடுக்கலண்ணே."

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். ராஜவேலு எழுந்தான். தரணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான். பிரியத்தில் பிடித்தானா, வாசற்படி தெரியாமல் பிடித்தானா, சொல்லத் தெரியவில்லை. அவர்கள் போன பிறகும் நான் டயர் ரூமிலேயே நின்றிருந்தேன். மூன்று மணி வண்டி புறப்படுகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து ஒரு குரலும் கேட்டது. "போலாம்ணே!"

இன்று எனக்கு அழுகை வந்தது. எழுதிவைக்கிறேன், இருக்கட்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

வெயில். தூசி.

முதலாளியிடம் ரிப்போர்ட் கொடுத்தேன். மூன்று பக்கம். "நான்" என்று ஆரம்பிக்கிற வாக்கியம் பதினொன்று. சரோஜா எண்ணிச் சொன்னாள்.

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எவனை அனுப்பறதுன்னு கேட்டேன். நீ இன்னாய்யா உன் கதையை எழுதிக்கினு வந்து நிக்கிற?"

"நடந்தது அதுதாங்க."

"அவன் கண்ணு தெரியாம ஓட்டிக்கிறான். இவன் கத்தாம வுட்டுக்கிறான். நீ பேரை மாத்தி எழுதிக்கிற. நான் யாரை நம்பறது?"

உண்மையில் அவரும் "உன் கண்டக்டரே சொல்றான்" என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவும் ஒரு பயம்தான்.

முடிவு:

ராஜவேலு கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்; ஆபரேஷன் ஆகும்வரை வண்டி எடுக்கக் கூடாது. செட்டில் வேலை. சம்பளம் உண்டு. (சனிக்கிழமை சாயங்காலமே, 5.15 வண்டியைத் தன்னால் எடுக்க முடியாது என்று அவனே போய்ச் சொல்லிவிட்டானாம். முதல் தடவையாக.)

தரணிக்கு எச்சரிக்கை. வேலையில் தொடரலாம்.

நான் இனிச் செக்கர் இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வண்டி வருகிற நேரம், போகிற நேரம் குறிப்பது.

"கடிகாரத்தைப் பாத்து எழுதறதுல யார் பேரும் வராது பாரு" என்றார். குத்தல்தான். நியாயமான குத்தல்.

வெளியே வந்தபோது டீக்கடைப் பெஞ்சில் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. ஒருவரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. டிரைவர், கண்டக்டர் இரண்டு கட்சியும் என் விஷயத்தில் ஒன்று.

சரி. சண்டை தீர்ந்தது.

செப்டம்பர் 24, புதன்

பல் பிடுங்கியாயிற்று. இரண்டு இட்லி, அதுவும் கரைத்து.

திண்டிவனத்தில் இரண்டாம் நாள். தகரக் கூண்டு, ஒரு மேஜை, சுவரில் நேரப் போர்டு. நாள் முழுக்க வண்டிச் சத்தம். நோட்டில் ஒரு பக்கம் வந்த நேரம், ஒரு பக்கம் போன நேரம். தாமதமானால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. முன்பிருந்தவர் எல்லாவற்றுக்கும் "ரோடு" என்று எழுதியிருக்கிறார். நான் கேட்டு எழுதுகிறேன். கண்டக்டர்களுக்குப் பிடிக்கவில்லை.

அஞ்சலை அம்மா காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவர் கூண்டில் எட்டிப் பார்த்தார். கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரமாம். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாங்க சார். டீ போட்டுக் குடுத்தேன்" என்றார். என்னையும் ஒரு நாள் வரச் சொன்னார்.

செப்டம்பர் 26, வெள்ளி

காற்று. போர்டு ஆடிக்கொண்டே இருக்கிறது. ஆணி வாங்க வேண்டும்.

மத்தியானம் தரணி வண்டி 12.50க்கு வந்தது. சரியான நேரம். புது டிரைவர். ஆனால் முன் சீட்டிலிருந்து ராஜவேலு இறங்கினான், வெள்ளைச் சட்டையில், பயணியாக. பார்த்ததும் எழுந்துவிட்டேன். என்னிடம் வரவில்லை. கூண்டுக்கு வெளியே, இரண்டு கை தூரத்தில், நேரப் போர்டைப் படிப்பதுபோல் நின்றுகொண்டான். அந்த எழுத்தை அவனால் படிக்க முடியாது. எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

தரணி டைம் சீட்டை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். அவன் போகவில்லை.

"சார், அண்ணன் கேக்கச் சொன்னாரு. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு லீவான்னு."

ராஜவேலுவைப் பார்த்தேன். போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லீவு எடுக்கலாம் என்று சொல்."

"பாண்டி ஆஸ்பத்திரில ஆபரேஷன். ஒரு கண்ணு மொதல்ல. கூட ஒரு ஆளு இருக்கணுமாம். அண்ணி மாட்டை வுட்டுட்டு வர முடியாது. எனக்கு அன்னிக்கு டியூட்டி."

"எந்த வண்டி என்று கேள்."

"விழுப்புரத்துலேர்ந்து காத்தால ஆறு மணி வண்டி சார்."

அப்போது ராஜவேலு பேசினான். போர்டைப் பார்த்தேதான்.

"அஞ்சே முக்காலுக்கே வந்துடணும். அப்புறம் சீட்டு கிடைக்காது."

"வந்துவிடுகிறேன்" என்றேன். நானும் போர்டைப் பார்த்தே.